சிட்ரோயன் சி4 கேக்டஸ்: கதவில் மெத்தை, கூரையில் ஏர்பேக், பெல்ட்டில் வம்பு

கதவில் மெத்தை ஒட்டிய கார் என்றால் பிரான்சிலும் பிரிட்டனிலும் கார்களைக் கவனிக்கிற யாருக்கும் எந்த வண்டி என்று புரிந்துவிடும். பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயனின் இந்த சி4 கேக்டஸ் 2014 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்து நின்றபோது பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் விலை கேட்டார்கள். பிரான்சில் 13,950 யூரோ, பிரிட்டனில் 12,990 பவுண்டு என்று விலை தொடங்கியது. அடுத்த ஆண்டே 'உலகின் சிறந்த கார் வடிவமைப்பு' விருதையும் வாங்கியது. ஸ்பெயினில் மாட்ரிட்டின் வில்லாவெர்தே ஆலையில் தயாரான இந்த வண்டி ஐரோப்பாவில் 2020 வரை விற்பனையில் இருந்தது. இந்தியாவுக்கு வரவேயில்லை. இன்று இதைச் செகண்ட் ஹேண்டில்தான் வாங்க முடியும், அதனால் இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோடுதான்.

பார்த்தால் எஸ்யூவி மாதிரி இருக்கும். கூரை மேல் கம்பிகள், சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக், மேலே மெல்லிய பகல் விளக்கு, கீழே தனியாக ஹெட்லைட். ஆனால் அடியில் இருப்பது சிட்ரோயன் சி3, பெஷோ 208 ஆகியவற்றுக்கும் பயன்பட்ட சின்ன கார் பிளாட்ஃபார்ம்தான், முன், பின் சக்கரங்களுக்கு நடுவேயான இடைவெளியை 2,595 மில்லிமீட்டராக நீட்டியிருக்கிறார்கள். மொத்த நீளம் 4,157 மில்லிமீட்டர். நான்கு சக்கர டிரைவ் கிடையாது. குடும்ப ஹேட்ச்பேக் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. எஸ்யூவி என்று நினைத்து வாங்குபவர்தான் பிறகு குறை சொல்வார்.

எடைக் கணக்கு

இந்த வண்டியின் ஒவ்வொரு விசித்திரத்துக்கும் பின்னால் ஒரே கணக்குதான்: எடை. மிகக் குறைந்த ரகத்தின் எடை வெறும் 965 கிலோ. அதே நேரத்தில் விற்பனையில் இருந்த சாதாரண சி4 காரைவிடச் சுமார் 200 கிலோ குறைவு. எடை குறைந்தால் சின்ன எஞ்சின் போதும், சின்ன பிரேக் போதும், பெட்ரோலும் குறையும், தயாரிப்புச் செலவும் குறையும்.

எங்கே வெட்டினார்கள்? பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். பின் கதவுக் கண்ணாடிகளைக் கீழே இறக்கும் பொறியையே எடுத்துவிட்டார்கள், கண்ணாடியின் பின் ஓரத்தைச் சில சென்டிமீட்டர் வெளியே தள்ளித் திறக்க வேண்டும். இதில் மட்டும் 11 கிலோ மிச்சம். பின் சீட்டின் முதுகை ஒரே துண்டாகச் செய்ததில் 6 கிலோ. கூரை முழுக்கக் கண்ணாடி உள்ள ரகங்களில் உள்திரையை எடுத்துவிட்டு வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடி போட்டார்கள். முன் கண்ணாடி கழுவும் தண்ணீர் ஜெட்டுகளை வைப்பர் நுனிக்கே கொண்டுபோனதால் தண்ணீர் குறைவாகச் செலவாகிறது, தொட்டியையும் பாதியாக்கி 1.5 லிட்டருக்கு இறக்கிவிட்டார்கள்.

இவற்றில் எது நமக்கு வலிக்கும், எது வலிக்காது என்பதுதான் கேள்வி. வைப்பர் ஜெட் உண்மையிலேயே நல்ல யோசனை. தண்ணீர் பிளேடு போகும் இடத்திலேயே விழுவதால் கண்ணாடி முன்னால் ஒரு நொடிகூட மங்கலாவதில்லை. குளிர்காலத்தில் சாலை உப்பு தெறிக்கும் ஊர்களில் இதன் அருமை தெரியும். ஆனால் பிளேடு மாற்றும்போது கண்ணில் பட்டதை வாங்கி மாட்டிவிடக் கூடாது, இந்த ஜெட் அமைப்புக்குப் பொருந்துவதுதானா என்று கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிக் கூரை அப்படியல்ல. வசந்த காலத்தில் அழகு. ஜூலை மாதம் தெற்குப் பிரான்சிலோ ஸ்பெயினிலோ நடுப்பகலில் நிறுத்திவிட்டு வந்து ஏறினால் திரை இல்லாத குறை தலை உச்சியில் தெரியும். கிளிப் போட்டு மாட்டும் தனி மறைப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. கண்ணாடிக் கூரை வண்டியாக இருந்தால் அதற்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

ஏர்பம்ப்

கதவுகளில் தெரியும் அந்தக் குமிழ் பலகைக்குப் பெயர் ஏர்பம்ப். டிபியூ எனப்படும் பாலியூரித்தேன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்து, உள்ளே காற்று அறைகள் விட்டிருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டியின் கதவு வந்து மோதினால், தள்ளுவண்டி உரசினால் அடியை இது வாங்கிக்கொள்ளும். கறுப்பு, சாம்பல், மணல் நிறம், சாக்லேட் என்று நான்கு நிறங்களில் வந்தது. பளிச்சென்ற மஞ்சள் வண்டியில் கறுப்பு ஏர்பம்ப்தான் அன்றைய விளம்பரங்களில் எல்லாம் வந்த சேர்க்கை.

விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம், வேலை செய்கிறது. பத்து வயதான கேக்டஸையும் அதே வயதுள்ள வேறு ஹேட்ச்பேக்கையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்: கதவு நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு விழுந்திருக்கும் சின்னச் சின்ன நெளிவுகள் இதில் இருக்காது. ஆனால் எதையெல்லாம் தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாவியாலோ ஆணியாலோ ஆழமாகக் கீறினால் அந்தக் கோடு நிரந்தரம். பெயிண்ட் போல பாலிஷ் போட்டு எடுக்க முடியாது, பலகையையே மாற்ற வேண்டும். பலகைக்கு மேலேயும் கீழேயும், சக்கர வளைவுகளிலும் பாதுகாப்பு எதுவும் இல்லை.

வெயிலில் நின்ற வண்டிகளில் கறுப்பு ஏர்பம்ப் வெளுத்துச் சாம்பல் பூக்கும். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் டிரிம் டிரெஸ்ஸிங் தடவினால் கொஞ்ச நாளைக்குக் கறுப்பு திரும்பும். பெயிண்ட் மெழுகை அதன் மேல் தேய்த்துவிடாதீர்கள். குமிழ்களின் ஓர இடுக்கில் வெள்ளை வெள்ளையாகத் தங்கிவிடும், பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிரஷர் வாஷர் அடிக்கும்போது பலகையின் விளிம்பை நேராகக் குறிவைக்காமல் தள்ளி நின்று அடிப்பது நல்லது. மணல் நிறப் பலகை அழுக்கையும் ஜீன்ஸ் சாயத்தையும் எளிதில் காட்டிக்கொடுக்கும். நிறத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் சாம்பல்தான் புத்திசாலித்தனம்.

உள்ளே

கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது பயணப் பெட்டி. கதவை இழுத்து மூடத் தோல் பட்டை, டேஷ்போர்டின் மேலே பெட்டி மூடி மாதிரி பட்டையும் கொக்கியும் வைத்த கையுறைப் பெட்டி. அந்தப் பெட்டி மேல்நோக்கித் திறக்கும், கொள்ளளவு 8.5 லிட்டர். வழக்கமாகப் பயணி பக்க ஏர்பேக் இருக்கிற இடம் அது. சிட்ரோயன் அந்த ஏர்பேக்கைக் கூரைக்கு மாற்றிவிட்டது. விபத்து நேர்ந்தால் முன் கண்ணாடியை ஒட்டி மேலிருந்து கீழே விரியும். அதனால்தான் டேஷ்போர்டு இவ்வளவு தட்டையாகவும், முன் சீட்டில் இருப்பவரின் முழங்காலுக்கு முன்னால் இவ்வளவு காலியாகவும் இருக்கிறது. ஒரு விஷயம்: ஏர்பேக் கூரையில்தானே இருக்கிறது என்று நினைத்து, பின்னோக்கி உட்கார வைக்கும் குழந்தை சீட்டை முன்னால் அப்படியே மாட்டிவிடக் கூடாது. மற்ற கார்களில் போலவே சாவியால் அந்த ஏர்பேக்கை அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

முன் சீட்டுகள் சோபா மாதிரி அகலம். நீண்ட பயணத்தில் இடுப்பு பிடிக்காது, வளைவுகளில் உடம்பையும் பிடிக்காது. இந்த வண்டியை வளைவில் விரட்டி ஓட்டுபவர் யாரும் இல்லை என்பதால் அது பெரிய குறையில்லை. உண்மையான குறை ஸ்டியரிங்கில் இருக்கிறது. அது மேலும் கீழும்தான் நகரும், நம்மை நோக்கி இழுக்க முடியாது. கால் நீளமானவர் பெடலுக்குச் சரியாகச் சீட்டைத் தள்ளினால் கை எட்டாது. ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர் வாங்குவதற்கு முன் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்து முடிவு செய்கிற விஷயமல்ல இது.

ஸ்பீடாமீட்டர் ஒரு சின்ன டிஜிட்டல் திரை. வேகம் பெரிய எண்ணில் தெளிவாகத் தெரியும். எஞ்சின் சுழற்சி காட்டும் டாக்கோமீட்டர் இல்லவே இல்லை. கியர் மாற்றச் சொல்லி அம்புக்குறி வரும், மற்றபடி காதுதான் கருவி. மூன்று சிலிண்டர் எஞ்சின் தன் நிலையைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவதால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பழகாதது நடுவில் இருக்கும் 7 அங்குலத் தொடுதிரை. ரேடியோ, போன், ஏசி எல்லாம் அதற்குள் போய்விட்டது. ஏசியை ஒரு டிகிரி குறைக்க முதலில் ஏசி பக்கத்துக்குப் போக வேண்டும், பிறகு அழுத்த வேண்டும், பிறகு பாட்டுக்குத் திரும்ப வேண்டும். இதையெல்லாம் ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டும். பழைய வண்டிகளில் திரை சற்று மந்தமும்கூட. பார்க்கப் போகும்போது திரையின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள், தொட்ட இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் அழுந்தினாலோ, தானாக மறுபடி தொடங்கினாலோ விலையைக் குறைத்துக் கேளுங்கள். திரை போனால் பாட்டு மட்டும் போவதில்லை, ஏசிக் கட்டுப்பாடும் சேர்ந்து போகும். இன்னொன்று, மிகக் குறைந்த ரகங்களில் ஏசியே இல்லாத வண்டிகளும் உண்டு. திரை இருப்பதால் ஏசியும் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பின் சீட்டும் டிக்கியும்

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த வண்டி ஒத்துவருமா என்பது பின்பாதியைப் பொறுத்தது. பின் கண்ணாடி கீழே இறங்காது என்பதைப் பெற்றோர்களில் பாதிப் பேர் வரவேற்பார்கள்: கை வெளியே நீட்ட முடியாது, பொம்மை வெளியே பறக்காது. மற்ற பாதிக்கு அது தலைவலி. பின்னால் தனி ஏசி வென்ட்டும் கிடையாது என்பதால், வாந்தி வரும் குழந்தைக்கு முகத்தில் காற்றுப்படும்படி செய்ய வழியில்லை. தள்ளித் திறக்கும் கண்ணாடியில் காற்று வெளியே போகிறது, உள்ளே வீசுவதில்லை. முன் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பின்னதையும் தள்ளித் திறந்து வைத்தால் காற்று ஓடும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கண்ணாடியைப் பிடிக்கும் கொக்கி பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் திறந்து மூடி, இறுக்கமாகப் பூட்டுகிறதா, ஓட்டும்போது காற்று விசில் அடிக்கிறதா என்று பாருங்கள்.

பின்னால் இரண்டு பெரியவர்கள் வசதியாக உட்காரலாம். மூவர் என்றால் தோளோடு தோள் இடிக்கும், பக்கத்து ஊர் வரை தாங்கும். ஓரத்து இரண்டு இருக்கைகளிலும் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றன.

டிக்கி 358 லிட்டர், சீட்டை மடக்கினால் 1,170. இந்த அளவுக் காருக்கு நியாயமான இடம்தான். ஆனால் டிக்கியின் வாய் உயரத்தில் இருக்கிறது, பொருளைத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். சீட்டை மடக்கினால் தரையில் ஒரு படியும் விழும். எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த ஒரே துண்டு முதுகு. பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து, பக்கத்தில் நீளமான பெட்டியையோ மடக்கிய அலமாரியையோ ஏற்ற முடியாது. ஒன்று பிள்ளை, இல்லையேல் பெட்டி. 6 கிலோவுக்காக ஒரு குடும்ப வண்டியில் இதைச் செய்தது எங்கள் பார்வையில் இந்த வண்டியின் மிக மோசமான முடிவு. பிரிந்து மடங்கும் சீட் உள்ள வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அதை எடுங்கள்.

எஞ்சின், கியர்பாக்ஸ்

முதலில் எதை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடலாம்: இடிஜி கியர்பாக்ஸ். வெளியே பார்க்க ஆட்டோமேட்டிக். கியர் கம்பிக்குப் பதில் டேஷ்போர்டில் மூன்று பட்டன்கள், முன் சீட்டுகள் பெஞ்ச் மாதிரி ஒட்டி வரும். பார்வைக்கு ரொம்பவே அழகு. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை ஒரு மோட்டார் மிதிக்கிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி ஒரு கணம் இழுவை விட்டு, தலை முன்னால் போய்ப் பின்னால் வரும், ஓட்டக் கற்றுக்கொள்கிற பையன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. மாற்றும் நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் குறையும். ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டு அதைச் செய்ய வேண்டுமானால் எதற்கு ஆட்டோமேட்டிக்? மலைச்சரிவில் மெதுவாக ரிவர்ஸ் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் கிளட்சும் சீக்கிரம் தேயும். கிளட்ச் இல்லாமல்தான் வேண்டுமென்றால், பின்னாளில் 110 குதிரைத்திறன் பெட்ரோலோடு வந்த இஏடி6 என்ற உண்மையான ஆட்டோமேட்டிக்கைத் தேடுங்கள்.

டீசல்களில் புளூஎச்டிஐ 100 நல்ல தேர்வு. 1,560 சிசி, 5 கியர் மேனுவல். பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் 100 கிலோமீட்டருக்கு 3.1 லிட்டர் என்று போட்டிருந்தார்கள். அது காகிதக் கணக்கு. இருந்தாலும் நெடுஞ்சாலையில் இவ்வளவு எடை குறைந்த டீசல் ஹேட்ச்பேக் குடிப்பது கொஞ்சம்தான். இதன் வம்பு எஞ்சினில் இல்லை, டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ திரவத்தின் தொட்டியில். திரவம் உறைந்து பளிங்குபோல் படிந்து, பம்போ திரவத்தைப் பீய்ச்சும் முனையோ அடைத்துக்கொண்டால் புகை எச்சரிக்கை விளக்கு எரியும். இன்னும் ஓடக்கூடிய தூரம் என்று திரையில் காட்டும் எண் 1,100 கிலோமீட்டரில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும், பூஜ்யத்தைத் தொட்ட பிறகு வண்டியை நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பல சமயம் தொட்டியை முழுதாகவே மாற்ற வேண்டியிருக்கும், அது மலிவான வேலையல்ல. ஊருக்குள் மட்டும் பத்து நிமிடம் ஓட்டுபவர் இந்த டீசலை எடுக்காமல் இருப்பதே நல்லது. புகை வடிகட்டியும் அடைக்கும், ஆட்புளூவும் படியும்.

இனி பெட்ரோல். 1,199 சிசி, மூன்று சிலிண்டர், பெயர் பியூர்டெக். டர்போ இல்லாமல் 75, 82, டர்போவோடு 110 குதிரைத்திறன். 75 நகரத்துக்குப் போதும். நான்கு பேரும் பெட்டியும் ஏற்றி ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். 110தான் இந்த வண்டிக்குப் பொருந்திய எஞ்சின். 205 நியூட்டன் மீட்டர் இழுவை, இவ்வளவு எடை குறைந்த வண்டியில், 100 கிலோமீட்டர் வேகத்தைச் சுமார் 9.3 நொடியில் தொட்டுவிடும். இந்த டர்போ வகை 2015 முதல் நான்கு ஆண்டு தொடர்ந்து தன் அளவுப் பிரிவில் சர்வதேச எஞ்சின் விருதை வாங்கியது. அதே எஞ்சின்தான் பிறகு ஐரோப்பாவில் மெக்கானிக்குகளின் வாயில் அதிகம் அடிபட்டது. காரணம் டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் பிசகாமல் இயக்கும் பட்டை.

வழக்கமாக ரப்பர் பெல்ட் எஞ்சினுக்கு வெளியே, உலர்ந்த மூடிக்குள் ஓடும். இதில் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. சத்தமும் உராய்வும் குறையும் என்பது நோக்கம். ஆனால் குளிரில் சின்னச் சின்ன தூரம் ஓட்டும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கிறது, சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் 110 டர்போவில் இது அதிகம். பெட்ரோல் கலந்த ஆயில் ரப்பரை ஊறவைக்கிறது. பெல்ட் அகலத்தில் உப்பி, ஓரம் பிசிறி, துகள் துகளாக உதிர்கிறது. தவறான தரத்தில் ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான்.

உதிர்ந்த துகள் எங்கே போகும்? அடித்தொட்டியில் ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். ஆயில் அழுத்தம் விழும். நெடுஞ்சாலை வேகத்தில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அது இதுதான், அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி அணைக்க வேண்டும். துகள் பிரேக்குக்கு வெற்றிடம் கொடுக்கும் பம்புக்குள்ளும் போகும், அப்போது பிரேக் பெடல் கல் மாதிரி இறுகும். பெல்ட் அறுந்துதான் எஞ்சின் சாக வேண்டும் என்பதில்லை, அறுவதற்கு முன்பே ஆயில் பட்டினியில் செத்துப்போகலாம்.

டர்போ வகைகளுக்கு இந்தப் பெல்ட்டை மாற்றும் கெடு பின்னர் 100,000 கிலோமீட்டர் அல்லது 6 ஆண்டு என்று குறைக்கப்பட்டது, எது முதலில் வருகிறதோ அது. பழைய சர்வீஸ் புத்தகத்தில் இதைவிட நீண்ட கெடு அச்சாகியிருந்தால் அதை நம்பாதீர்கள். சிட்ரோயனின் தாய் நிறுவனமான ஸ்டெலாண்டிஸ் 2024 மார்ச்சில் இந்தக் கோளாறுக்கு 10 ஆண்டு அல்லது 175,000 கிலோமீட்டர் வரை பொறுப்பேற்பதாக அறிவித்தது. ஆனால் சர்வீஸ் வரலாறு ஒழுங்காக இருக்க வேண்டும், பத்து ஆண்டு என்பதும் வண்டி புதிதாக இருந்த நாளிலிருந்து. 2014, 2015 வண்டிகளுக்கு அந்தக் காலம் போய்விட்டது. அதே குழுமம் பின்னர் கொண்டுவந்த ஹைப்ரிட் வகை 1.2 எஞ்சினில் பெல்ட்டை விட்டுவிட்டு செயினுக்குப் போய்விட்டது என்பதிலிருந்தே முடிவு செய்துகொள்ளலாம்.

நல்ல செய்தி, இதை வாங்கும் முன்பே ஓரளவு பார்த்துவிட முடியும். எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். பெல்ட்டின் முதுகு உள்ளே தெரியும். குறுக்கே வெடிப்பு, ஓரத்தில் நூல், பளபளத்து ஊறிய தோற்றம், இதில் எது இருந்தாலும் அது மாற்ற வேண்டிய பெல்ட். ஒர்க்‌ஷாப்பில் அகலம் அளக்க ஒரு சின்ன கேஜ் வைத்திருப்பார்கள், துளை வழியாக விட்டு பெல்ட் மேல் பொருத்திப் பார்ப்பார்கள். அதன் வாயில் பெல்ட் நுழையவில்லை என்றால் உப்பிவிட்டது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றாலோ எச்சரிக்கை.

'பெல்ட் மாற்றியாச்சு' என்று விற்பவர் சொன்னால் பில்லைக் கேளுங்கள், பில்லில் என்ன இருக்கிறது என்றும் படியுங்கள். பெல்ட் மட்டும் மாற்றியிருந்தால் பாதி வேலைதான். அடித்தொட்டியை இறக்கி, உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, பழைய ஆயிலை முழுக்க வடித்திருக்க வேண்டும். துகள் அதிகம் இருந்த வண்டி என்றால் வெற்றிட பம்பையும் பார்த்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு நம் பங்குக்குச் செய்யக்கூடியது ஆயில்: பி71 2312 என்ற சிட்ரோயன் குழுமத் தரச் சான்று உள்ள, 0டபிள்யூ-30 என்ற தடிமன் ரகம், ஆண்டுக்கு ஒரு தடவை, அல்லது 15,000 கிலோமீட்டருக்குள். டப்பாவில் 0டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, அந்தச் சான்று எண்ணும் இருக்க வேண்டும்.

ஓட்டமும் 2018 மாற்றமும்

முதல் கேக்டஸ் மென்மையான ஸ்பிரிங்குகளோடு வந்தது. நகர வேகத்தில் வேகத்தடைகளை அமைதியாக ஏறி இறங்கும். அகலமான குழியில் விழுந்தால் மட்டும் பின்பக்கம் தட்டென்று அடிக்கும், பின்னால் இருப்பது இரு சக்கரங்களையும் ஒரே குறுக்குத் தண்டால் இணைக்கும் எளிய டார்ஷன் பீம் அல்லவா. 17 அங்குலச் சக்கரம் பார்க்க அழகு, 205/55 ஆர்16 டயர் போட்டது ஓட்ட அழகு. வாங்கினால் பதினாறே வாங்குங்கள்.

2017 அக்டோபரில் புது முகத்தைக் காட்டி 2018ல் விற்பனைக்கு வந்த மாற்றம் பெரியது. ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் ரப்பர் முட்டுக்குப் பதிலாக ஹைட்ராலிக் முட்டுகளை வைத்தார்கள். சக்கரம் கடைசி வரை போய் மோதித் திரும்பும் நேரத்தில் எண்ணெய் அந்த வேகத்தை விழுங்கிவிடும், தட் என்ற அடி கேட்காது. இந்த ஏற்பாடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. திருவள்ளூர் ஆலையில் உருவாகி 2021ல் இந்தியச் சந்தைக்கு வந்த சிட்ரோயனின் சி5 ஏர்க்ராஸ் எஸ்யூவியில் இதே வகை ஷாக் அப்சார்பர்தான். அதில் போனவர்களுக்கு இந்தச் சொகுசு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கூடவே தடித்த நுரையோடு புது சீட்டுகள், 130 குதிரைத்திறன் பெட்ரோலும் 6 கியரும், தானாக பிரேக் பிடிக்கும் வசதி.

இழந்தது முகம். ஏர்பம்ப் கதவின் அடிப்பகுதிக்கு இறங்கிச் சுருங்கிவிட்டது, அங்கே பக்கத்து வண்டிக் கதவு எதுவும் வந்து மோதுவதில்லை. சாதாரண சி4 நின்றுபோனதால் அந்த வாடிக்கையாளரையும் பிடிக்க வேண்டும் என்று பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பின் கதவுக் கண்ணாடி மட்டும் அப்போதும் கீழே இறங்கவில்லை!

பாதுகாப்பில் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் 2014 மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம். முதல் வண்டிகளில் தானியங்கி பிரேக் இல்லை. அது அவசியம் என்பவர் 2018க்குப் பிந்தையதைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் எல்லா ரகத்திலும் இருக்கிறது என்று கொள்ளாமல் அந்த வண்டியின் பட்டியலைக் கேட்க வேண்டும்.

எங்கள் தேர்வு இதுதான். ஊருக்குள்ளும் வாரக் கடைசியில் வெளியூருக்கும் என்றால் 110 பெட்ரோல் மேனுவல், பெல்ட், வலை இரண்டுக்கும் பில் உள்ளது, 16 அங்குலச் சக்கரம், கண்ணாடிக் கூரை இல்லாதது. மாதத்தில் பெரும்பகுதி நெடுஞ்சாலை என்றால் புளூஎச்டிஐ 100. முதுகு வலிக்காரருக்கு 2018க்குப் பிந்தையது. பில் இல்லாத 110 பெட்ரோலை மலிவாகத் தருகிறேன் என்றால், பெல்ட், வலை, ஆயில் வேலைக்கு உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் எழுத்தில் விலை வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துப் பேசுங்கள். பார்க்கப் போன இடத்தில் பானெட்டைத் திறக்கும்போது அதன் பாதுகாப்புக் கொக்கியையும் ஒரு தடவை பாருங்கள். அது துருப்பிடித்து இறுகியதற்காகத் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகள் உண்டு, சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வேலை முடிந்ததா என்று டீலரே சொல்லிவிடுவார்.